வாத்தியக் குழுவும் ஞான ஊழியமும்



நம் பங்கு வாலிபர் சிலர் கிதார், கீபோர்டு, டிரம்ஸ் முதலிய கருவிகளோடு ஒரு வாத்தியக் குழு தொடங்க உத்தரவு கேட்டிருக்கிறார்கள். ராக் என்று சொல்லப்படும் சங்கீதத்தில் தேவ துதி பாட வேண்டுமென்பது அவர்கள் ஆசை. இச்செய்தி சில வீடுகளில் சந்தோஷத்தையும், வேறு சில வீடுகளில் கலக்கத்தையும் உண்டாக்கியிருக்கிறது. "கோவிலைக் கூத்துக் கொட்டகை ஆக்குவதா?" என்கிறார்கள் பெரியவர்கள். "எங்கள் பாட்டை ஆண்டவர் கேட்க மாட்டாரா?" என்கிறார்கள் பிள்ளைகள். கோவிலின் மேலுள்ள அன்பினாலேயே இரு தரப்பாரும் இப்படிப் பேசுகிறார்கள் என்பதில் ஐயமில்லை.

இதனோடு இன்னொரு விசனமும் உண்டு. நம் பாடகர் குழாத்தில் நடந்து வருவதை நீங்கள் அறிவீர்கள். ஜூன் மாதம் வந்தால் ஒருவன் கோயம்புத்தூருக்குப் படிக்கப் போகிறான். ஒருத்தி சென்னையில் வேலைக்குச் சேருகிறாள். மூன்றாமவன் வளைகுடா நாட்டுக்கு விமானம் ஏறுகிறான். ஆர்மோனியம் வாசிப்பவர் போய்விட்டால் இரண்டு மாதம் கோவிலில் பாட்டு சரியாக எழும்புவதில்லை. போதாக்குறைக்கு, புதிதாக வந்தவருக்கு நல்ல குரல் என்று அவரைப் பாடச் சொன்னால், பழையவர் மனத்தாங்கல் கொண்டு பூசைக்கே வராமல் நின்றுவிடுகிறார். ஒரு பாட்டினிமித்தம் ஓர் ஆத்துமம் பீடத்தை விட்டு விலகுவது அற்பக் காரியமா? ஆகையால், குழு தொடங்குமுன்னரே, திருச்சபை இதைப்பற்றி என்ன சொல்கிறது, இப்படிப்பட்ட குழுக்கள் உலகத்தில் எப்படித் தோன்றின, ஆள் மாறியபோது அவற்றுக்கு என்ன நேர்ந்தது என்பவற்றை ஒழுங்காய் ஆராய்வது நலம்.

ராக் என்பது யாது?

ஆங்கிலத்தில் ராக் என்னும் சொல்லுக்குப் பாறை என்பது ஒரு பொருள். தொட்டிலை ஆட்டுவதுபோல் அசைத்தல் என்பது மற்றொரு பொருள். சங்கீதத்திற்கு அப்பெயர் வந்தது இரண்டாவது பொருளால்தான். 1950-களில் அமெரிக்க ஐக்கிய நாட்டில் இது தலையெடுத்தது. அடிமைத்தனத்தில் உழன்ற கறுப்பின மக்களின் துயரப் பாட்டுகளும், அவர்கள் தங்கள் ஆலயங்களில் கைதட்டிப் பாடிய ஞானப் பாட்டுகளும் அதன் வேர்களில் சேர்ந்தவை. எனவே, இது பிறப்பிலேயே பேயின் சங்கீதம் என்று சொல்வது சரித்திரத்துக்கு ஒவ்வாது. பிற்காலத்தில் அநேக ராக் பாடகர்கள் குடி, போதை மருந்து, சிற்றின்பம் இவற்றில் விழுந்ததும், அவற்றைப் பாட்டிலேயே புகழ்ந்ததும் மெய்தான். ஆகவே பெற்றோரின் பயம் வெறும் பயமல்ல.

1960-களின் இறுதியில் கலிபோர்னியாவில் வழி தவறியிருந்த வாலிபர் பலர் சேசுநாதரிடம் திரும்பினர். அவர்கள் தங்களுக்குத் தெரிந்த சங்கீதத்திலேயே ஆண்டவரைப் பாடத் தொடங்கினர். 1969-இல் லாரி நார்மன் என்பவர் ஓர் இசைத்தட்டு வெளியிட்டார்; "இந்தப் பாறையின் மேல்" என்று பொருள்படும் பெயரை அதற்கு இட்டார். ஆண்டவர் அர்ச். இராயப்பருக்குச் சொன்னதை நினைவூட்டும் பெயர் அது. கிறிஸ்தவ ராக் இசையின் முதல் தட்டுகளில் அது ஒன்று. அதற்கு மூன்று ஆண்டு முன்னரே, 1966 ஏப்ரல் 27-ந் தேதி, உரோமை நகரிலேயே, அர்ச். பிலிப் நேரியார் சபையின் மண்டபத்தில், மார்செல்லோ ஜொம்பினி அமைத்த வாலிபர் பூசைப் பாட்டுகளை மின்சாரக் கிதார்க் குழுக்கள் பாடிப் பெரும் பரபரப்பை உண்டாக்கின.

திருச்சபை கூறுவது என்ன?

1903 நவம்பர் 22-ந் தேதி, சங்கீதத்திற்குப் பாதுகாவலியாகிய அர்ச். செசிலியம்மாள் திருநாளன்று, அர்ச். பத்தாம் பத்திநாதர் தேவாராதனைச் சங்கீதத்தைப் பற்றிக் கட்டளை பிறப்பித்தார். முரசு, கைத்தாளம் போன்ற சத்தம் மிகுந்த கருவிகளையும், பியானோவையுங்கூட அவர் கோவிலுக்குள் விலக்கினார். பேண்டு வாத்தியத்தைக் கோவிலுக்குள் தடுத்து, வெளியே நடக்கும் சுற்றுப்பிரகாரத்துக்கு மேற்றிராணியாரின் உத்தரவோடு அனுமதித்தார். ஆனால் அங்கேயும் உலகப் பாட்டுகள் கூடாது என்றார்.

இவ்விடத்தில் நாம் சற்று நின்று நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். திருவிழாச் சப்பரத்துக்கு முன்னே பேண்டு செட்டார் சினிமாப் பாட்டு வாசித்தால் நாம் முகம் சுளிப்பதில்லை. காலால் தாளமும் போடுகிறோம். பிள்ளைகள் கையில் கிதாரைக் கண்டதும் மாத்திரம் பக்தி நமக்கு நினைவு வருமானால் அது நியாயமாகுமா?

இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் 1963 டிசம்பர் 4-ந் தேதி வெளியிட்ட வழிபாட்டுச் சட்டத்தில், கிரகோரியன் சங்கீதத்துக்கும் குழல் ஆர்கனுக்கும் முதன்மை கொடுத்தது. மற்றக் கருவிகளுக்கு மூன்று நிபந்தனை விதித்தது: பரிசுத்த உபயோகத்துக்குத் தகுந்ததாக, அல்லது தகுந்ததாக்கக் கூடியதாக இருத்தல், கோவிலின் மகிமைக்கு ஒத்திருத்தல், விசுவாசிகளின் ஞானப் பிரயோசனத்துக்கு மெய்யாகவே உதவுதல். 1967 மார்ச் 5-ந் தேதி வந்த விளக்கம், உலகக் கேளிக்கைக்கே உரியவை என்று பொதுவாக எண்ணப்படும் கருவிகளை வழிபாட்டினின்று விலக்கியது.

"பொதுவாக எண்ணப்படும்" என்பதைக் கவனியுங்கள். மக்களின் எண்ணம் காலத்துக்குக் காலம் மாறுகிறது. இன்று நம் பாட்டிமார் பக்தியோடு கேட்கும் ஆர்மோனியம் ஐரோப்பாவிலிருந்து வந்தது. இந்திய சங்கீதத்துக்கு ஒவ்வாது என்று நம் நாட்டு வானொலியே 1940-இல் அதை விலக்கி வைத்து, 1971 வரை அத்தடையைத் தளர்த்தாதிருந்தது. கர்நாடகக் கச்சேரியில் பக்கத்துணையாக இருக்கும் வயலினும் மேல்நாட்டிலிருந்து வந்ததே. நம் மதுரைக்கு 1606-இல் வந்த தத்துவ போதக சுவாமி காவி உடுத்தி, மரக்கறி உண்டு, தமிழில் வேதம் போதித்தபோது, கிறிஸ்தவத்தையே கெடுத்துவிட்டார் என்று அவர்மேல் குற்றம் சாட்டப்பட்டது. 1623-இல் பதினைந்தாம் கிரகோரியார் என்னும் பாப்பரசர் அவர் கைக்கொண்ட வழக்கங்களுக்கு இடங்கொடுத்தார். உடை வேறு, விசுவாசம் வேறு. ஆனால் எந்த உடையும் எந்த இடத்துக்கும் பொருந்தும் என்பதும் இல்லை.

திருச்சபையின் பெரியோர்களுக்குள்ளும் இதில் ஒரே மனது இருந்ததில்லை. 1997 செப்டம்பர் 27-ந் தேதி இத்தாலியிலுள்ள பொலோஞா நகரில், தேவநற்கருணை மாநாட்டின்போது, அமெரிக்கப் பாடகர் பாப் டிலன் அர்ச். இரண்டாம் அருள் சின்னப்பர் முன்னிலையில் பாடினார். பாப்பரசர், அப்பாடகரின் பெயர்பெற்ற பாட்டில் வரும் காற்றையே எடுத்து, அது இஸ்பிரீத்துசாந்துவின் மூச்சு என்று வாலிபருக்குப் பிரசங்கம் செய்தார். அப்போது கர்தினாலாயிருந்த பதினாறாம் ஆசீர்வாதப்பரோ, இப்படிப்பட்டவரைப் பாட அழைப்பது சரிதானா என்று தமக்குச் சந்தேகம் இருந்ததாகப் பிற்பாடு எழுதினார். இருவரும் திருச்சபையின் உண்மைப் பிள்ளைகளே. அப்படியானால், இவ்விஷயத்தில் நம் வீட்டில் தகப்பனும் மகனும் வேறுபட்டால், ஒருவரையொருவர் அவிசுவாசி என்று சொல்ல வேண்டியதில்லை.

பாறை என்னும் பெயர்கொண்ட குழு

இனிக் குழுக்கள் எப்படி உருவாகி எப்படி மாறின என்று பார்ப்போம். இவ்வகையில் வெகுவாய் அறியப்பட்ட ஒன்று பெத்ரா. கிரேக்க மொழியில் பாறை என்பது அதன் பொருள். நம் பிரிந்த சகோதரர்களைச் சேர்ந்த இக்குழு, 1972-இல் அமெரிக்காவில் இந்தியானா மாகாணத்து ஃபோர்ட் வெயின் நகரில், ஒரு கிறிஸ்தவப் பயிற்சிப் பள்ளியில் கூடிய நால்வரால் தொடங்கப்பட்டது. பாப் ஹார்ட்மன், கிரெக் ஹஃப் இருவரும் கிதார். ஜான் டிகிராஃப் பேஸ் கிதார். பில் குளோவர் டிரம்ஸ். 1974-இல் முதல் இசைத்தட்டு வந்தது.

இந்நால்வரில் எத்தனை பேர் நிலைத்தார்கள்? 1970-கள் முடியுமுன்னே ஹார்ட்மன் ஒருவரே மிஞ்சினார். குழுவின் குரலாக வந்த கிரெக் வோல்ஸ் என்பவரைக் கேட்பதற்கென்றே மக்கள் திரண்டனர். 1985-இல் அவரும் விலகித் தனியே பாடப் போனார். குரல் போனால் குழு போயிற்று என்றே பலரும் எண்ணியிருப்பார்கள். 1986-இல் அவ்விடத்துக்கு வந்தவர் ஜான் ஷ்லிட். இவர் முன்னே உலக ராக் குழு ஒன்றில் பாடிப் புகழ் பெற்று, போதைப் பழக்கத்தால் அதனின்று தள்ளப்பட்டு, பின்பு மனந்திரும்பினவர். மனந்திரும்பிய பிறகு மேடையை விட்டு, பொறியியல் வேலை பார்த்துக் குடும்பத்தைக் காப்பாற்றிக் கொண்டிருந்தார். இழந்துபோனதாக அவர் எண்ணியிருந்த வரம் இப்போது ஆண்டவருக்கென்று திரும்பக் கொடுக்கப்பட்டது. அவர் காலத்தில் குழு நான்கு முறை கிராமி விருது பெற்றது.

தொடக்கம் முதல் இருந்த ஹார்ட்மனும் 1995-இல் ஊர் ஊராய்ப் போவதை நிறுத்தினார். ஆனால் மற்றவர்களுக்குப் பாட்டு எழுதிக் கொடுப்பதை நிறுத்தவில்லை. மேடையை விட்டு இறங்கினார். ஊழியத்தை விட்டு இறங்கவில்லை. பின்பு 2003-இல் திரும்பி வந்தார். 2005 டிசம்பர் 31-ந் தேதி பெத்ரா விடைபெறும் கச்சேரி நடத்தியது. அதற்குள் முப்பத்து மூன்று ஆண்டுகளில் ஏறத்தாழ இருபது பேர் வந்து போயிருந்தனர். எல்லாப் பிரிவும் சமாதானமாய் நடந்தது என்று சொல்ல முடியாது, அவர்களும் மனிதர்தாமே. ஆயினும் 2010-இல் முன்னாள் பாடகர் வோல்ஸ் முதலிய பழையவர்கள் மறுபடி கூடிப் பாடினார்கள் என்பது கவனிக்கத்தக்கது.

நம் பக்கத்து நாட்டில் ஒரு முன்மாதிரி

இதெல்லாம் அமெரிக்காவில் என்று சொல்லலாம். மலைக்கு அப்பாலுள்ள கேரளத்தையே பாருங்கள். 1985-இல் கொச்சியில் நடந்த ஒரு பெரிய கத்தோலிக்க வாலிபர் மாநாட்டிலிருந்து ஜீசஸ் யூத் என்னும் இயக்கம் வளர்ந்தது. 2016 மே 20-ந் தேதி உரோமை அதற்கு அங்கீகாரம் அளித்தது. அவ்வியக்கத்தின் சங்கீத ஊழியமாக 1990-ஐ ஒட்டித் தோன்றியதே ரெக்ஸ் பேண்டு. ரெக்ஸ் என்பது இலத்தீனில் அரசர். 1925-இல் பதினொன்றாம் பத்திநாதர் ஏற்படுத்திய கிறிஸ்து அரசர் திருநாளை நாம் ஆண்டுதோறும் கொண்டாடுகிறோமே, அந்த அரசரின் பெயர்தான் இது.

இக்குழு 2002-இல் கனடாவின் டொரொண்டோவிலும், 2005-இல் ஜெர்மனியின் கொலோன் நகரிலும், 2008-இல் ஆஸ்திரேலியாவின் சிட்னியிலும் நடந்த உலக இளைஞர் நாட்களில் பாடியது. இதில் இருந்தவர்களுள் ஒருவர் அல்போன்ஸ் ஜோசப். அவர் பின்பு மலையாளப் படங்களுக்கு இசையமைத்தார். 2010-இல் வெளிவந்த "விண்ணைத்தாண்டி வருவாயா" படத்தில் "ஆரோமலே" பாடிய குரல் அவருடையதே. இன்று பல நாடுகளில் பெயர் பெற்றிருக்கும் கீபோர்டு வித்துவான் ஸ்டீபன் தேவஸியும் இக்குழுவில் வாசித்தவரே. இவ்வளவு பெயர்பெற்றவர்கள் வந்தும் போயும் ரெக்ஸ் நின்றதற்குக் காரணம் என்ன? அது ஒரு பாடகரின் குழுவாய்த் தோன்றவில்லை. ஜெபிக்கும் ஓர் இயக்கத்தின் கையாய்த் தோன்றியது. கை ஓய்ந்தால் உடல் வேறொரு கையை நீட்டும். உடலின்றிக் கை மாத்திரம் இருந்தால் எத்தனை நாள் உயிரோடிருக்கும்?

நம் தெப்பக்குளத்தில் தை மாதம் தெப்பம் இழுப்பதை எல்லாரும் பார்த்திருக்கிறோம். வடத்தில் கைகள் மாறிக்கொண்டேயிருக்கும், களைத்தவர் விலக, அடுத்தவர் பிடிப்பார், தெப்பம் நிற்பதில்லை. யார் வடத்தை விட்டார் என்று கேட்டு ஒருவரும் சண்டையிடுவதில்லை.

வேதாகமத்தில் கண்ட ஆள்மாற்றம்

முதல் குழு எது? நம் ஆண்டவர் தெரிந்துகொண்ட பன்னிருவர். அதிலும் ஓரிடம் காலியாயிற்று. அப்போஸ்தலர் நடபடி ஆகமத்தின் முதல் அதிகாரத்தில் இருவரை நிறுத்திச் சீட்டுப் போட்டார்கள். சீட்டு மத்தியாஸ் பேருக்கு விழுந்தது. மற்றவர் சூசை பர்சபா. யுஸ்து என்ற மறுபெயர் உள்ளவர். இவரும் தொடக்கமுதல் ஆண்டவரோடு நடந்தவரே. எல்லார் முன்னிலையிலும் நின்று, தெரிந்துகொள்ளப்படாமல் போன இவர், கோபித்துக்கொண்டு சபையை விட்டுப் போனாரென்று வேதாகமம் சொல்லவில்லை. சபைச் சரித்திரம் எழுதிய எவுசேபியுஸ், பழைய பாப்பியாஸ் என்பவரை ஆதாரம் காட்டி, இந்த யுஸ்து விஷம் குடித்தும் ஆண்டவர் கிருபையால் சேதமடையவில்லை என்று குறிக்கிறார். ஆகவே, இடம் கிடைக்காத பின்னும் அவர் விசுவாசத்திலே நிலைத்திருந்தார் என்று அறிகிறோம். பாட இடம் கிடைக்காததால் மனம் நொந்திருக்கும் பிள்ளைகளே, இவரை உங்கள் துணைவராகக் கொள்ளுங்கள்.

இரண்டாவது, அர்ச். சின்னப்பரும் பர்னபாவும். முதல் பயணத்தில் மாற்கு பாதி வழியில் திரும்பிப் போய்விட்டார். இரண்டாம் பயணத்தில் அவரை மறுபடி சேர்ப்பதா என்பதில் இருவருக்கும் கடுமையான வாக்குவாதம் மூண்டு, பிரிந்தே போனார்கள். பர்னபா மாற்குவோடு சைப்பிரஸுக்குப் போனார். சின்னப்பர் சீலாவோடு சீரியா வழியே போனார். ஒரு குழு உடைந்து இரண்டு குழுவாயிற்று. கதை அதோடு முடிந்ததா? இல்லை. தம் கடைசிக் காலத்தில், சிறையிலிருந்து தீமோத்தேயுவுக்கு எழுதும்போது, மாற்குவை அழைத்து வா, அவர் எனக்கு ஊழியத்தில் உதவியானவர் என்னும் கருத்தில் அதே சின்னப்பர் எழுதுகிறார். அன்று வேண்டாமென்ற ஆளை இன்று வேண்டுமென்று கேட்கும் தாழ்ச்சி! பிரிந்து போனவனுக்குக் கதவைத் தாழிடாமல் வைத்திருப்பதே கிறிஸ்தவனின் அடையாளம்.

நம் பங்குக்கு என்ன முடிவு?

இவையெல்லாவற்றையும் யோசித்து, பங்குப் பேரவையாரோடு கலந்து, கீழ்க்கண்டபடி உத்தரவு கொடுக்கப்படுகிறது.

முதலாவது: திவ்விய பூசையில் பழைய ஒழுங்கே இருக்கும். அங்கே பாடவேண்டியவர்கள் விசுவாசிகள் எல்லாருமே. கேட்டு ரசிக்க வந்தவர்கள் அல்ல. வாத்தியக் குழு வாலிபர் கூட்டங்களிலும், திருவிழா இரவுகளில் கோவில் வெளியிடத்திலும் பாடலாம்.

இரண்டாவது: 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை வெளியில் ஒலிபெருக்கி கூடாது. சட்டம் இல்லாவிட்டாலும், அடுத்த வீட்டுப் பிற மதத்தாரின் தூக்கத்தைக் கெடுத்துத் தேவ துதி செய்வது பிறர்சிநேகத்துக்கு விரோதம்.

மூன்றாவது: பாட்டின் வார்த்தைகளை முன்னதாகக் குருவிடம் காட்ட வேண்டும். சத்தத்தில் வார்த்தை மறைந்துபோனால் அது ஞானப் பாட்டு ஆகாது.

நான்காவது: ஒவ்வொருவரும் தமக்கு இளையவர் ஒருவருக்குத் தம் கருவியைக் கற்றுக்கொடுக்க வேண்டும். ஆண் பிள்ளைகளோடு பெண் பிள்ளைகளுக்கும் இது உண்டு. கற்றுக்கொடுக்க மனமில்லாதவர் சேர வேண்டாம்.

ஐந்தாவது: கடன் வாங்கிக் கருவி வாங்கலாகாது. வரவு செலவுக் கணக்கு பேரவையில் படிக்கப்படும்.

ஆறாவது: படிப்புக்கோ வேலைக்கோ வெளியூர் போகிறவரை ஞாயிறு பூசை முடிவில் எல்லாரும் ஜெபித்து ஆசீர்வதித்து அனுப்புவோம். அவர் பெயர் ஏட்டிலிருந்து நீக்கப்படாது. விடுமுறைக்கு வரும்போது அவருக்கும் இடம் உண்டு. மனத்தாங்கலோடு விலகினவருக்கும் இது பொருந்தும். அவர்களைத் தேடிப் போய் அழைப்பது குழுவின் முதல் வேலை. முதல் ஒத்திகை அதற்குப் பிறகுதான்.

பெற்றோரே, உங்கள் பிள்ளை கிதாரைத் தொட்டதால் கெட்டுப் போவதில்லை; தனியே விடப்பட்டால் கெட்டுப் போகலாம். ஒத்திகை நடக்கும் இடத்துக்கு ஒருநாள் வந்து உட்கார்ந்து கேளுங்கள். பிள்ளைகளே, கைதட்டல் இனிக்கும். ஆனால் அது பாடகனுக்குக் கிடைக்கும் கூலியாகவே முடிந்துவிட்டால், ஆண்டவருக்கென்று மிஞ்சுவது என்ன? நீங்கள் இல்லாத நாளிலும் பாட்டு தொடரும்படி ஒருவரைப் பழக்கிவிட்டுப் போவீர்களானால், அதுவே உங்கள் ஊழியம் மெய்யானது என்பதற்குச் சாட்சி.

குடும்ப ஜெபத்துக்குப் பின் பேசிக்கொள்ளச் சில கேள்விகள்

1. கோவிலுக்குத் தகுந்த கருவி எது என்பதற்குப் பொதுச்சங்கம் விதித்த மூன்று நிபந்தனைகள் யாவை? நம் சப்பரத்துக்கு முன்னே வாசிக்கப்படும் பாட்டுகள் அவற்றுக்கு ஒத்திருக்கின்றனவா?

2. பெத்ரா குழுவில் ஹார்ட்மன் மேடையை விட்டபின் செய்தது என்ன? பொறுப்பிலிருந்து இறங்கிய பின்னும் ஊழியம் செய்கிறவர் நம் பங்கில் யார்?

3. சூசை பர்சபாவின் இடத்தில் நான் இருந்தால் எப்படி நடந்திருப்பேன்?

4. பாட்டினாலோ பதவியினாலோ மனம் நொந்து பூசைக்கு வராதிருப்பவர் நமக்குத் தெரிந்தவர்களில் உண்டா? இந்த வாரம் அவர் வீட்டுக்கு யார் போவது?

அர்ச். செசிலியம்மாளே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.

சேசுநாதரில் உங்கள்,
பங்குக் குரு